வெள்ளிக்கிழமை பாட்டில்கள்

மணி ஆட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் முதலாளி தலையை அசைப்பார், நாகஜோதி சுவிட்சை அணைக்க வேண்டும், அதுதான் வெள்ளிக்கிழமை வழக்கம். இடது கை சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. வலது கை வெள்ளைக் கோட்டின் பைக்குள் ஒரு கண்ணாடி பாட்டிலை இறுகப் பிடித்திருந்தது, அதனடியில் இன்னொரு பாட்டில் இடித்துக்கொண்டு கிடந்தது, கோட்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியதை யாராவது பார்த்திருப்பார்களோ என்று நினைத்தாள், யாரும் பார்க்கவில்லை, எல்லோருடைய கண்ணும் தட்டில் இருந்தது. தட்டைப் பிடித்திருந்தவர் சுருளிவேல் முதலாளி. சின்னமனூருக்குத் தெற்கே வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இந்தக் கட்டடத்தைக் கட்டி, பாட்டிலுக்குள் வாழைக்கன்று வளர்க்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது ஊரே சிரித்ததாம், இன்றைக்குச் சிரித்தவர்களெல்லாம் கன்றுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு நிற்கிறார்கள். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு, இருக்கட்டும், உழைத்தவர்தானே. வரிசையாக நான்கு லேமினார் மேசைகள். காற்றை வடிகட்டி, உட்கார்ந்திருப்பவளின் முகத்துக்கு நேராக ஊதிக்கொண்டே இருக்கும் மேசைகள், அந்தக் காற்றின் பாதுகாப்பில்தான் பெண்கள் கன்றின் குருத்தைக் கத்தியால் வகிர்ந்து பாட்டிலில் நடுவார்கள். நான்குக்கும் நெற்றியில் மஞ்சள், குங்குமம், தலையில் ஒரு முழம் மல்லிகை. ஆராய்ச்சிக்கூடம் என்று வெளியே பலகை, உள்ளே வந்து பார்த்தால் நான்கு அம்மன்கள்.

அம்மன்கள் ஊதாமல் இருந்தால் தேவலை, ஆனால் ஊதுவார்களே. கட்டடம் திறந்த முதல் வெள்ளிக்கிழமை முதலாளி கற்பூரத்தைக் காட்டினார், மேசை ஊதிய ஊதலில் சுடர் அணைந்துபோயிற்று, அந்த மாதமே கரண்டு போய் ஒரு அறைக் கன்று மொத்தமும் வீணாயிற்று, இரண்டையும் அவர் மனசு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து பூசை நேரத்தில் காற்றை நிறுத்துவது நாகஜோதியின் வேலை. எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்துவிட்டு சாமிக்குக் காற்றாடி நிறுத்துகிற உத்தியோகம் என்று தம்பி கேலி செய்வான். செய்யட்டும். சாம்பிராணிப் புகை மூன்றாவது மேசைக்கு மேலே கெட்டியாக நின்றது. அந்த மேசை பவுன்தாயுடையது. பவுன்தாய் கதவோரமாக நின்றாள், கையில் கவரிங் வளையலைக்கூடக் கழற்றிவிட்டு வந்திருந்தாள், அழுது முடித்த முகம், இல்லை, இன்னும் அழ ஆரம்பிக்காத முகம். நேற்று சாயங்காலம் முதலாளி சொன்னது நாகஜோதியின் காதில் இன்னும் அப்படியே கிடந்தது. "நாளைக்குப் பூசையோட அந்தப் புள்ளைய நிப்பாட்டிரு நாகு. நல்ல புள்ளதான், நான் குத்தம் சொல்லல. கைராசி இல்ல. அது தொட்டா பூசணம் பூக்குது. வேற எங்கிட்டாவது பொழச்சுக்கிறட்டும்." சேதி பவுன்தாயின் காதுக்கும் போய்விட்டிருந்தது. நல்ல பிள்ளை, குற்றம் சொல்லவில்லை, கை மட்டும்தான் சரியில்லை. கையைக் கழற்றிவைத்துவிட்டா அவள் வேறு எங்கேயாவது போவாள்? கைராசி இல்லாதவள் என்று பேர் எடுத்துவிட்டால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நாற்று நடக்கூடக் கூப்பிட மாட்டார்கள், கல்யாண வீட்டில் தாம்பாளம் தூக்க விடமாட்டார்கள், அவளுக்கு வயசு இருபத்துநாலு, இன்னும் எத்தனை வருஷம் அந்தக் கையோடு வாழ வேண்டும். பூசணம் பூக்கிறது என்கிறோம், யாரும் போட்ட மாதிரி சொல்வதில்லை. புழு வைக்கிறது, வண்டு விழுகிறது, தானா வருகிறது. தானா வராது. இன்று காலையிலிருந்து இந்த இரண்டு வார்த்தைதான் மண்டைக்குள், பல்லில் மாட்டின நாரைப் போல, நாக்கு அங்கேயே போய் அங்கேயே போய் நிற்கிறது. தானா வராது.

அப்பாவிடமும் இதைத்தான் சொன்னாள், ஏழாவது படிக்கும்போது. அப்பாவுக்குக் கம்பத்தில் கறிக்கடை, மத்தியானத்துக்கு மேல் மிஞ்சின கறியில் புழு நெளிந்தால் "கறிக்குள்ளயே இருக்குத்தா, உசுரு போனா அது வெளிய வருது" என்பார், சந்தேகமே இல்லாமல், சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொல்வதைப் போல. இவள் புத்தகத்தில் படித்திருந்தாள், முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தி இத்தாலியில் ரெடி என்று ஒரு வைத்தியர், கறித்துண்டுகளைச் சாடிகளில் போட்டு, சிலதைத் திறந்து வைத்தார், சிலதுக்கு மெல்லிய துணி கட்டினார், ஈ உட்கார்ந்த கறியில் புழு, ஈ உட்காராத கறியில் புழு இல்லை, அவ்வளவுதான் சங்கதி. எவ்வளவு சுலபம், ஒரு துணித்துண்டு. இவளும் அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துணியைக் கட்டி இரண்டு கிண்ணத்தை மாடிப்படிக்கு அடியில் வைத்தாள், மறுநாளே நாற்றம் தாங்காமல் அம்மா இரண்டையும் சேர்த்துத் தூக்கித் தெருவில் வீசினாள், இவள் முதுகிலும் இரண்டு வைத்தாள். அந்த ஆராய்ச்சியின் முடிவு நாய்க்குத்தான் தெரியும். அப்பா சாகிறவரைக்கும் மாறவில்லை. அவரை எப்படிக் குறை சொல்ல, படித்தவர்களே இருநூறு வருஷம் இதற்காகக் கட்டிப் புரண்டார்கள். நீடாம் என்று ஒரு இங்கிலீஷ் பாதிரியார், ஆட்டுக்கறிச் சாற்றைக் கொதிக்கவைத்துத் தக்கை போட்டு மூடினார், சில நாளில் சாறு கலங்கி உயிர்கள் நீந்தின, பார்த்தாயா தானாகவே வந்தது என்றார். இத்தாலியில் இன்னொரு பாதிரியார், ஸ்பல்லன்சானி, நீ கொதிக்கவைத்தது போதாது, தக்கைக்குள்ளே காற்று நுழையும் என்று, கண்ணாடிக் கழுத்தையே உருக்கி ஒட்டி வெகுநேரம் கொதிக்கவைத்தார், ஒன்றும் வரவில்லை. அதற்கு நீடாம் சொன்ன பதில்தான் பதில், நீ கொதிக்கவைத்த வேகத்தில் சாற்றுக்குள் இருந்த உயிர்ச்சக்தியே செத்துப்போயிற்று என்றார். எதைக் காட்டினாலும் வாய்க்கு ஒரு பதில் இருக்கும். அதுதான் பயமாக இருக்கிறது. முதலாளிக்கும் பதில் இருக்கும். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, நீடாமும் பொய் சொல்லவில்லை, சாறு நிஜமாகவே கலங்கியது, பவுன்தாயின் பாட்டிலில் நிஜமாகவே பூசணம் பூத்தது, கண்ணால் பார்த்தது எல்லாம் சரி, காரணம்தான் வேறு. பார்த்ததை இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள். மணி இன்னும் அடிக்கிறது, முதலாளி கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கிறார், சீக்கிரம் முடியட்டும், இல்லை, முடியவேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம்.

சுண்டல் வாசனை அடித்தது. முதல் மேசைக் காமுத்தாய் அக்கா வெளியே தாழ்வாரத்தில் தூக்குவாளியைத் திறந்துவைத்துவிட்டு வந்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை சுண்டல் அவள் பொறுப்பு, தேங்காய் அள்ளிப் போடுவாள். அந்தச் சுண்டலில்தான் எல்லாம் இருந்தது, அது தெரிய இத்தனை மாசம் ஆயிற்று, வெட்கக்கேடு. எதையெல்லாம் சந்தேகப்பட்டாள். சர்க்கரையை, தண்ணீரை, பாட்டில் மூடியை, பாட்டில்களை வேகவைக்கிற அந்தப் பெரிய குக்கரின் வாசரை, ஒரு நாள் பவுன்தாயின் நகத்தைக்கூட. பிறகு ஒரு மத்தியானம் கெட்டுப்போன பாட்டில்களைக் கழுவப் போட அடுக்கும்போது மூடியில் எழுதிய பேரையும் கிழமையையும் பார்த்தாள், வெள்ளி, வெள்ளி, வெள்ளி, எல்லாம் பவுன்தாயின் கை, எல்லாம் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை அதே கை நட்டது பளிச்சென்று இருந்தது. கைக்கு ராசி இல்லை என்றால் செவ்வாய்க்கிழமை மட்டும் எங்கிருந்து வந்தது ராசி? அடுத்த வெள்ளிக்கிழமை இதே சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். பூசை முடிந்தது, காற்றைத் திரும்பப் போட்டாள், எல்லோரும் தாழ்வாரத்துக்குப் போய்ச் சுண்டல் வாங்கிக்கொண்டு, காமுத்தாய் அக்காவின் மருமகள் கதையைக் கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தார்கள். எப்போதும் அப்படித்தான். பவுன்தாய் மட்டும் போகவில்லை. நெற்றியில் திருநீறு வைத்த கையோடு மேசையை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கெட்ட பேர் வந்துவிட்டதே, ஒரு நிமிஷமும் சும்மா இருக்கக்கூடாது, உழைத்தாவது பேரை மாற்ற வேண்டும் என்று உட்கார்ந்தாள். நாகஜோதி செல்போன் டார்ச்சை மேசைக்குள் அடித்துப் பார்த்தாள். வெளிச்சக்கோட்டில் தூசி மினுமினுத்தது, மல்லிகையில் இருந்து, வேட்டியில் இருந்து, சாம்பிராணிச் சாம்பலில் இருந்து வந்த தூசி, காற்று நின்றிருந்தபோது உள்ளே புகுந்து இன்னும் வெளியேறாமல் சுற்றிக்கொண்டிருந்தது, அதற்கு நடுவில் பவுன்தாய் பாட்டில்களைத் திறந்து திறந்து நட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கதை பேசி முடிப்பதற்குள் மேசை தூசியை ஊதித் தள்ளிவிடும். சோம்பேறிகளுக்கு ராசி, உழைக்கிறவளுக்குப் பூசணம். நாகஜோதிக்கு அப்போது வந்த ஆத்திரம் யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை, ஆனால் வந்தது, கண்ணில் நீர் முட்டுகிற அளவுக்கு வந்தது.

கல்லூரிப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது, கொக்குக் கழுத்துக் குடுவை என்று பெண்கள் பேர் வைத்திருந்தார்கள். பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி செய்த குடுவை. உள்ளே கொதிக்கவைத்த சாறு, கழுத்து நீண்டு வளைந்து கீழே இறங்கி மேலே ஏறும், வாய் திறந்தேதான் இருக்கும். காற்று தாராளமாக வரலாம், உயிர்ச்சக்தி செத்துப்போயிற்று, காற்று கெட்டுப்போயிற்று என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது. தூசி மட்டும் வளைவில் படிந்து நின்றுவிடும். சாறு அப்படியே தெளிவாக இருந்தது. ஆனால் தெளிவாக இருந்ததைவிட அடுத்ததாகச் செய்ததுதான் நாகஜோதிக்குப் பிடித்தது, குடுவையைச் சாய்த்தார், சாறு வளைவு வரைக்கும் போய் அந்தத் தூசியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது, பிறகு கலங்கியது. கெடாமல் காட்டினால் போதாது, கெடுத்தும் காட்ட வேண்டும். அதனால்தான் போன வெள்ளிக்கிழமை அவளும் சாய்த்தாள். பவுன்தாயை அதட்டித் தாழ்வாரத்துக்கு அனுப்பினாள், "சுண்டல் தின்னு முடிக்காம உள்ள வராத" என்றாள், அந்தப் பெண் தண்டனை என்று நினைத்துக்கொண்டு மென்றிருப்பாள், பாவம். பூசை முடிந்ததும் மூன்றாவது மேசையில் நாகஜோதியே உட்கார்ந்தாள், ஒரு தட்டு பாட்டில் நட்டாள், பிறகு பவுன்தாய் வந்து அதே மேசையில், பாட்டிலில் ஊற்றுகிற அதே ஊட்டக்கூழில், அதே கன்றில் இன்னொரு தட்டு நட்டாள். இன்று காலை, யாரும் வருவதற்கு முன்னால், வளர்ப்பு அறையின் குழல்விளக்குகளுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பவுன்தாயின் பாட்டில்களில் பச்சைக் குருத்து மட்டும். நாகஜோதியுடையதில் பஞ்சு போலப் பூசணம். வெள்ளை வெள்ளையாக, மென்மையாக, சில இடத்தில் நுனி கறுத்து. பத்து வருஷத்துக்கு மேலாக இவள் கை பட்ட பாட்டில் இப்படிப் பூத்ததில்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், சந்தோஷமும் வந்தது, ஆனால் அதற்கு ஒரு நொடி முந்திக்கொண்டு வந்தது, ஐயோ என் கை, என்பதுதான்.

என் கை. எவ்வளவு ஆசையாக அதை வைத்திருந்திருக்கிறாள். "நாகு கை பட்டா கல்லும் முளைக்கும்" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொந்தத்தில் யார் புதுவீடு பால் காய்ச்சினாலும் இவளைக் கூப்பிட்டுக் கறிவேப்பிலைக் கன்றை வைக்கச் சொல்வார்கள், இவளும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் வைப்பாள், படித்தவள்தானே, சிரித்துவிட்டு வந்திருக்கலாம், சிரித்ததில்லை. பவுன்தாய்க்கு ராசி இல்லை என்பது பொய் என்றால் இவளுக்கு ராசி இருக்கிறது என்பதும் பொய்தான், ஒன்றைத் தூக்கிப் போட்டால் இன்னொன்றையும் போட்டாக வேண்டும். பேசாமல் இருந்துவிட்டால் என்ன? காற்றைப் போட்டு அரைமணி கழித்து உட்காருங்கள் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி போட்டால் போகிறது, ராசி அப்படியே இருக்கும், கற்பூரமும் எரியும். ஆனால் பவுன்தாய் போய்விடுவாள். போனபிறகு பூசணம் நின்றால் பார்த்தாயா, அவள் கைதான் என்று முத்திரை குத்திவிடுவார்கள், அது அவள் நெற்றியில் கடைசிவரைக்கும். அதற்கு நான் உடந்தை. வேண்டாம். பாட்டிலைக் காட்டினால் அந்தப் பெண்ணின் கண் பட்டு உன் கையும் கெட்டது என்பாரா? என்பார். நீடாம் சொன்னார், இவர் சொல்ல மாட்டாரா. சொன்னால் சொல்லட்டும், அடுத்த வாரமும் நடுவேன், காமுத்தாய் அக்காவை உட்காரவைத்து நடச் சொல்வேன், முதலாளியையே கோட்டு மாட்டி உட்காரவைப்பேன், கெட்டுக்கெட்டு வரட்டும், எத்தனை பாட்டில் வேண்டுமானாலும். என்னையே நிறுத்திவிட்டால்? நிறுத்தட்டும், பாட்டில் நிற்காதே, அது பாட்டுக்குப் பூத்துக் காட்டிக்கொண்டே இருக்கும்.  பைக்குள் இருந்த பாட்டிலின் மூடி விரலில் வழுக்கியது. தானா வராது. மணி நின்றது.

முதலாளி கண்ணைத் திறந்து கற்பூரத்தை ஏற்றினார், இவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். நாகஜோதி அசையவில்லை. கவனிக்கவில்லை போல என்று நினைத்து இன்னொரு தடவை அசைத்தார். "நாகு, சுவிட்சு." "வேண்டாம்ணே" என்றாள், குரல் தன்னுடையது மாதிரி இல்லாமல் உள்ளே எங்கேயோ இருந்து வந்தது. அவருக்குக் காதில் விழுந்ததோ இல்லையோ, பழகின கை, தட்டு அதுபாட்டுக்கு முதல் மேசைக்குள் போயிற்று. சுடர் படுத்தது, ஒரு தடவை நீலமாக எழுந்து பார்த்தது, அணைந்துபோயிற்று. "ஆத்தாடி" என்றாள் காமுத்தாய். மேசைகள் ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டது, இத்தனை வருஷமாக இந்த நேரத்தில் கேட்காத சத்தம். முதலாளி திரும்பினார், கோபத்தைவிட அவர் முகத்தில் பயம்தான் அதிகம் இருந்தது, அதைப் பார்த்ததும் நாகஜோதிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, அப்பாவின் ஞாபகம் வந்தது, ஆனாலும் நிறுத்தக்கூடாது, இப்போது நிறுத்தினால் அவ்வளவுதான். பையில் இருந்து இரண்டு பாட்டிலையும் எடுத்து, எழுதிய பக்கம் தெரியாமல் மூடியை உள்ளங்கையால் மறைத்து அவர் முன்னால் நீட்டினாள். "இதுல எதுண்ணே பவுனு கை?" அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கினார், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, பஞ்சு பூத்ததைத் தொட்டார். "இதுதான். பாத்தாலே தெரியுதே." "அது என் கைண்ணே" என்று மூடியைக் காட்டினாள். "போன வெள்ளிக்கெழம பூச முடிஞ்ச கையோட நான் உக்காந்து நட்டது. சுத்தமா இருக்குல்ல, அது பவுனோடது. சுண்டல் தின்னுட்டு மெதுவா வந்து உக்காந்தா." அவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். "உன் கையா? உன் கையில எப்பிடித்தா வரும்?" "தானா வரலண்ணே. பூவுலயும் சாம்பிராணிப் பொகையிலயும் நம்ம கொண்டாந்தோம். நாந்தான் காத்த அமத்தி உள்ள விட்டேன்."  காமுத்தாய் அந்தப் பஞ்சையும் நாகஜோதியின் கையையும் பார்த்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றாள், அதுவும் நாகஜோதியின் கண்ணில் பட்டது, பட்டால் படட்டும். முதலாளி அணைந்த கற்பூரத்தை விரலால் நகர்த்தினார். "அப்ப சாமிக்கு?" "தாழ்வாரத்துல, கண்ணாடிச் செவுத்துக்கு அங்கிட்டு நின்னு காட்டுங்கண்ணே. அதுக்குத் தெரியாமயா போகும்." அவர் சம்மதம் என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை, "அடுத்த வெள்ளியும் பாப்பம், அதுக்கப்புறமும் பூசணம் வந்துச்சுன்னா பேசுறேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டுத் தட்டோடு தாழ்வாரத்துக்குப் போனார், தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுடர் ஆடாமல் நின்றது. எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். பவுன்தாய் மட்டும் கதவோரத்தில் அப்படியே இருந்தாள். "யக்கா" என்றாள், "நான் திங்கக்கெழம வரணுமா?" நாகஜோதிக்கு அதட்டுகிற மாதிரிதான் பேச வந்தது. "திங்கக்கெழம கெடக்கட்டும். இன்னிக்குத்தான் காத்து நிக்கலையே, இப்பப் போயி கையக் கழுவிட்டு வந்து உக்காரு." பவுன்தாய் குழாயடிக்குப் போனாள். நாகஜோதியும் அவள் பின்னாலேயே போனாள், அவளுக்கும் கை கழுவ வேண்டியிருந்தது.